ஃப்ரீயாத்தானே இருக்கே?

நாம் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் ‘ஃப்ரீ’ அளவுக்கு வேலை பார்க்கும் சொல் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பற்பசை வாங்கினால் பிரஷ் ஃப்ரீ. சாயங்காலம் ஃப்ரீயா இருந்தா வா. இன்னைக்கு ரோடு ஃப்ரீயா இருந்துச்சு. நைட்டி ஃப்ரீ சைஸ். மருத்துவர், ‘மோஷன் ஃப்ரீயா போகுதா’ என்று கேட்கிறார். கோபத்தில் இருப்பவரிடம் ‘ஃப்ரீயா விடு’ என்கிறோம். இலவசம், ஓய்வு, நெரிசலின்மை, தளர்வு, மறந்துவிடுதல் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். விடுதலை என்ற பொருளுக்கு மட்டும் அது போதுவதில்லை. ‘ஃப்ரீடம்’ என்று நீட்ட வேண்டியிருக்கிறது. அப்படி நீட்டினால் உடனே ‘குடு’ என்ற வினை வந்து ஒட்டிக்கொள்கிறது: ‘எங்க வீட்ல எனக்கு ஃபுல் ஃப்ரீடம் குடுத்திருக்காங்க, மேம்.’

என் வகுப்புகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காத ஆண்டே இல்லை. பெருமையோடுதான் சொல்வார்கள். கொடுத்தவர் அப்பாவாக இருப்பார். சில நேரம் அண்ணன். மணமான மாணவியாக இருந்தால் கணவரும் மாமியாரும். கொடுக்கப்பட்டது எது என்று கேட்டால் பட்டியல் சிறியது: ஜீன்ஸ் போடலாம், செல்போன் வைத்துக்கொள்ளலாம், தோழி வீட்டுக்குப் போகலாம், ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். இதே வாக்கியத்தை ஒரு மாணவன் சொல்லி நான் கேட்டதில்லை. அவனுக்கு யாரும் கொடுத்ததில்லை என்பதால்தான் சொல்லத் தோன்றவில்லை.

ஒருமுறை இரண்டாமாண்டு மாணவிகளை, ஒரு வாரம் காதில் விழும் ‘ஃப்ரீ’ வாக்கியங்களை எல்லாம் எழுதிவரச் சொன்னேன். வந்த வாக்கியங்களை யாரைப் பற்றிச் சொல்லப்பட்டவை என்று பிரித்து அடுக்கினோம். ‘அவர் எல்லாரோடயும் ஃப்ரீயா பழகுவார்’ என்பது பாராட்டு. பந்தா இல்லாதவர் என்று பொருள். ‘அவ எல்லாரோடயும் ஃப்ரீயா பழகுவா’ என்பது எச்சரிக்கை. ஒரே வினை. விகுதி மாறியதும் சொல்பவரின் குரல் தாழ்கிறது. ‘அவ ஃப்ரீ டைப்’ என்றால் பேச்சு முடிந்தே விட்டது. ஆணைப் பற்றிச் சொன்ன ‘ஃப்ரீ டைப்’ எங்கள் பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

கூந்தலும் அப்படித்தான். கட்டாத தலைக்கு ‘ஃப்ரீ ஹேர்’ என்று பெயர். அதற்குத் தடை விதிக்கும் கல்லூரிகள் உண்டு. வாசலிலேயே நிறுத்தி ரப்பர் பேண்டை நீட்டும் பேராசிரியைகளோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். ‘தலைவிரிகோலம்’ என்ற பழைய சொல்லில் துக்கமும் சினமும் இருந்தன. பாண்டியன் அவைக்குக் கண்ணகி வந்த கோலம் அது. ‘ஃப்ரீ ஹேர்’ என்றானதும் சினம் போய் அழகு வந்தது. ஆனால் பயம் போகவில்லை. விரித்த கூந்தலைப் பார்த்தால் நம் நிறுவனங்களுக்கு இன்னும் ஏதோ எரியப்போகிறது என்றே தோன்றுகிறது போலும்.

எங்கள் பட்டியலில் எண்ணிக்கையில் முதலில் நின்றது வேறொரு வாக்கியம்: ‘வீட்ல ஃப்ரீயாத்தானே இருக்கே?’ அம்மாக்களிடம், அக்காக்களிடம், அண்ணிகளிடம் கேட்கப்பட்டது. கேட்டதைத் தொடர்ந்து ஒவ்வொரு முறையும் ஒரு வேலை வந்தது: பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவா, ரேஷனுக்குப் போய்வா, அத்தைக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இரு. முன்பு இந்த இடத்தில் ‘சும்மா’ இருந்தது. ‘என்ன பண்றீங்க?’ ‘வீட்ல சும்மாதான் இருக்கேன்.’ சித்தர் மரபில் ‘சும்மா இருத்தல்’ அடைதற்கரிய நிலை. அதைப் பெற ஆண்கள் வீட்டைத் துறந்து போனார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்ணின் ‘சும்மா’வில் மாவரைத்தலும் நீர் சுமத்தலும் அடங்கியிருந்தன. ‘சும்மா’ போய் ‘ஃப்ரீ’ வந்ததில் ஒரு வசதி சேர்ந்திருக்கிறது. ஓய்வும் இலவசமும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன. அவள் ஃப்ரீயாக இருக்கிறாள். அவள் வேலையும் ஃப்ரீ. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 2024இல், தன் வீட்டாருக்காக ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார் என்கிறது. அதே வேலையில் ஈடுபடும் ஆணுக்கு 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் உழைப்பவரிடம்தான் அந்தக் கேள்வி.

இந்தச் சொல்லின் பூர்வீகமும் வீடுதான். சொற்பிறப்பு ஆய்வாளர்கள் ‘ஃப்ரீ’யை ‘ஃப்ரெண்ட்’ என்ற சொல்லோடு ஒரே வேரில் சேர்க்கிறார்கள். வடமொழியின் ‘பிரிய’ என்பதும் அதே குடும்பம். அன்புக்குரியவர், நம்மவர் என்பதே பழைய பொருள். குடும்பத் தலைவனுக்கு உறவானவர்கள் ஒருபக்கம், அடிமைகள் மறுபக்கம் என்றிருந்த வீட்டில், உறவானவர்களைக் குறித்த சொல் அடிமை அல்லாதவர்களைக் குறிக்கும் சொல்லாயிற்று என்று விளக்குகிறார்கள். இலத்தீனிலும் பிள்ளைகளைக் குறிக்கும் ‘லீபெரி’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் சுதந்திரர்கள். ஆக, சுதந்திரத்துக்கான ஆங்கிலச் சொல் யாருக்கும் கட்டுப்படாத தனி ஆளிடமிருந்து பிறக்கவில்லை. ஒருவனுடைய வீட்டைச் சேர்ந்தவர் என்ற அடையாளத்திலிருந்து பிறந்திருக்கிறது. ‘எங்க வீட்ல குடுத்திருக்காங்க’ என்று என் மாணவி சொல்லும்போது அந்தப் பழைய பொருளைத்தான் சொல்கிறாள்.

‘சுதந்திரம்’ என்ற நம் சொல்லுக்கும் ஒரு மறந்த பொருள் உண்டு. அறுவடைக் களத்தில், ஊருக்கு வேலை செய்த சலவைத் தொழிலாளிக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் அளந்த தானியப் பங்கைச் ‘சுதந்திரம்’ என்றார்கள். சாதி ஒடுக்குமுறையின் கூலிதான் அது. அதைக் கொண்டாட எதுவுமில்லை. ஆனாலும் அளக்கப்பட்டது தானம் அல்ல, பரம்பரை உரிமை என்ற ஒப்புதல் அந்தச் சொல்லில் இருந்தது. அந்தத் தொழில்களில் பாதி உழைத்த பெண்ணின் பெயரில் தனியாக அளந்தார்களா என்பது வேறு கேள்வி.

பேருந்துக்கு வருகிறேன். 2021 மே 7 அன்று பதவியேற்ற முதல்வர் முதல் நாளே கையெழுத்திட்டவற்றில், நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்ற ஆணையும் ஒன்று. அரசு ‘இலவசம்’ என்று சொல்வதைக் கவனமாகத் தவிர்த்தது. ‘கட்டணமில்லாப் பயணம்’ என்றது, பிறகு ‘விடியல் பயணம்’ என்றது. முந்தைய ஆட்சி மிக்சிக்கும் கிரைண்டருக்கும் ‘விலையில்லா’ என்று பெயர் வைத்ததும் இதே கூச்சத்தால்தான். மக்கள் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை, ‘ஃப்ரீ பஸ்’ என்றே சொல்கிறார்கள். 2022இல் ஓர் அமைச்சர் மேடையிலேயே ‘ஓசி’ என்றார். நடத்துநர் சிலரின் குரலிலும், பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் நிற்காமல் போகும் வண்டியிலும் அதே சொல்தான் ஓடுகிறது.

எனக்கு ‘ஃப்ரீ பஸ்’ என்ற சொல்லில் கூச்சமில்லை. அந்தத் திட்டத்தால் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் சேமிப்பதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டுவேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அது ஒரு வீட்டின் பாதிச் சம்பளத்துக்குக் கிட்ட வரலாம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பயணத்துக்குக் காசு கேட்க வேண்டியதில்லை என்பது. காசு கேட்டால் ‘எங்கே போறே’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இலவசம் என்ற பொருள் விடுதலை என்ற பொருளைத் தொடும் ஒரே இடமாக எங்கள் பட்டியலில் இதுதான் இருந்தது. ‘அம்மா இப்பல்லாம் சும்மா பஸ்ல ஏறி மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வராங்க, ஒண்ணும் வாங்க மாட்டாங்க’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். ‘ஃப்ரீ’ என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் இல்லை. விதிப்படி நீக்கியிருக்க வேண்டும், வகுப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ‘ஃப்ரீயா விடு’. நண்பர்களுக்குள் இதமான சொல்தான். பாலியல் புகார்களை விசாரிக்கும் குழுக்களில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் மற்ற முகம் தெரியும். புகார் எழுதிய பெண்ணிடம் துறைத்தலைவர் சொல்வார், ‘ஃப்ரீயா விடும்மா, அவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு.’ விடச் சொல்வது அவளை, விடப்படுபவர் அவர். அப்படி ஒரு விசாரணையில் நான் கேட்ட பதில் இன்னும் நினைவிலிருக்கிறது. ‘விட முடியல சார்,’ என்றாள் அந்தப் பெண். ‘எழுதி வாங்கிக்கோங்க.’