தண்ணீர் புகாத தையல்

வடகனடாவின் நுனாவுட் பகுதியில் இனூயிட் பெண்கள் தைக்கும் காமிக் என்ற கடல்நாய்த்தோல் காலணியைப் பார்க்க வாய்த்தால், முதலில் தையலைத் தேடுங்கள். எளிதில் கண்ணில் படாது. இரண்டு தோல்களை இணைக்கையில் ஊசி ஒரு தோலை முழுதாகத் துளைக்கும்; மற்றதில் பாதி ஆழம் இறங்கி, மறுபக்கம் எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடும். பிறகு தோலைப் புரட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு வரிசை. எந்தத் துளையும் இரு தோல்களையும் கடந்து போவதில்லை. நூல், கரிபூ மானின் தசைநாண். ஈரம் பட்டால் அது உப்பி, ஊசித்துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். கால் நனைந்தால் விரல்களே போய்விடக்கூடிய குளிரில், வேட்டைக்காரரின் உயிர் இந்தத் தையலை நம்பியிருந்தது. ஈட்டியைப் புகழ்ந்த அளவுக்கு உலகம் இந்த ஊசியைப் புகழவில்லை என்பது என் வருத்தம்.

தோலை வெட்டவும் சுரண்டவும் ஊலு என்னும் பிறைவடிவக் கத்தி. குழந்தையை முதுகில் சுமக்க, பை வைத்துத் தைத்த அமாவுட்டி என்னும் மேலங்கி. தாயின் உடற்சூடு குழந்தைக்கும் சேரும்.

2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்ப் பொருள்களின் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது. இனூயிட் மக்களுக்கு விலக்கு இருந்தும் அடி இவர்கள் மேலும் விழுந்தது. உணவுக்காக வேட்டையாடிய விலங்கின் தோலையும் வீணாக்காமல் தைத்த காலணி இது. இதைக் குற்றப்பொருளாகப் பார்க்காதீர்கள்.