பட்டப்பெயரும் பழிச்சொல்லும்

திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் பாடாலூர். அங்கே கை காட்டியும் நில்லாது செல்லும் பேருந்தின் ஓட்டுநர் ‘குருடன்’ ஆகிறார். கூப்பிட்டும் திரும்பாத நடத்துநர் ‘செவிடன்’ ஆகிறார். மீதிச் சில்லறையைத் தவறாக எண்ணித் தந்த கடைப் பையன் ‘லூசு’ ஆகிறான். இது பாடாலூருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. தமிழ் வழங்கும் எந்த ஊரிலும் இதைக் கேட்கலாம். சொன்னவர் மனத்தில் பகையில்லை, கேட்டவரும் பொருட்படுத்துவதில்லை. ஓட்டுநருக்குக் கண் தெரியும், நடத்துநருக்குக் காது கேட்கும். அவ்வாறாயின் இச்சொற்களால் யாருக்கு என்ன தீங்கு?

தீங்கு, அந்தப் பேச்சில் இடம்பெறாத மூன்றாமவருக்கு. ‘குருடா’ என்பது வசையாக வேண்டுமாயின், பார்வையின்மை இழிவானது என்று சொல்பவரும் கேட்பவரும் முன்னரே உடன்பட்டிருக்க வேண்டும். அவ்வுடன்பாடு இல்லையேல் அச்சொல்லுக்கு வசையின் வலிமை இல்லை. ஓட்டுநரின் கவனக்குறைவை அளக்க, எங்கோ உள்ள பார்வையற்ற ஒருவரின் உடல் அளவுகோலாக எடுக்கப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். நம் சினமும் நகைச்சுவையும் அவர்களிடம் கேளாமலே அவர்களைக் கடன் வாங்குகின்றன.

இவ்வுடன்பாடு மிகப் பழையது. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் கூன், குறள், ஊமை, செவிடு முதலிய எட்டினை எண்ணி, அவற்றைப் பயனற்ற பிறப்புகளாகக் காட்டுகிறார். சோழனுக்கு அறம் உரைக்க வந்த பாடல் அது. அறம் உரைக்கும் வாயிலும் இம்மதிப்பீடு இயல்பாகப் புகுந்துவிடுகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விடுத்து ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல்லை அரசு ஏற்றது. துறையின் பெயரும் அவ்வாறே மாறியது. எனினும் 2025 ஏப்ரலில், அதே கட்சியின் பொதுச்செயலாளரும் அப்போதைய அமைச்சருமான துரைமுருகன், மாற்றுத்திறனாளிகளைக் குறிக்கப் பழைய இழிசொற்களை மேடையில் பயன்படுத்தி, எதிர்ப்பு எழுந்தபின் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அரசாணை சொல்லை மாற்றலாம். நாவின் பழக்கத்தை மாற்றுவது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

சட்டத்திற்கும் எல்லையுண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்போருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், குறைபாட்டைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவையையும் குறைபாடுடையோரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவையையும் வேறுபடுத்தி, திரைப்படத் துறைக்கு நெறிகள் வகுத்தது. ஆயினும் கண் தெரியும் ஓட்டுநரை நோக்கி எறியப்படும் ‘குருடா’ இவ்வலையில் எளிதில் அகப்படாது. அதைத் தடுக்க வேண்டியது மனச்சான்றே.

இவ்விடத்தில் நம் மரபின்பால் திரும்புவது தகும். ஒருவரையொருவர் இகழ்வதையும் தீய பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. ஆனால் ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசைகளிலேயே அல்அஃமஷ் (கண் மங்கியவர்), அல்அஃரஜ் (கால் ஊனமுற்றவர்) போன்ற பெயர்கள் உள்ளனவே என்று கேட்கலாம். இமாம் நவவி (ரஹ்) இதற்கு விடை தந்துள்ளார்கள். புறம்பேசுதலில் விலக்களிக்கப்பட்ட ஆறு இடங்களுள் அடையாளம் காட்டுதலும் ஒன்று. ஆனால் இழிவுபடுத்தும் நோக்கில் அப்பெயரைச் சொல்வது ஹராம். வேறு வகையில் அடையாளம் காட்ட முடியுமாயின் அதுவே சிறந்தது என்பது அவர்களின் விளக்கம்.

இவ்விதியை நம் ஊர்ப் பேச்சின்மீது வைத்துப் பார்ப்போம். ‘நொண்டி ராவுத்தர்’, ‘செவிட்டுப் பாய்’ என்று நாம் சொல்வது அடையாளத்திற்காகவே என்போம். அவருக்குப் பெயர் உண்டு, தந்தை பெயர் உண்டு, தெரு உண்டு, தொழில் உண்டு. இத்தனை வழிகள் இருக்க, அவருடைய காலையும் காதையும் தேர்ந்தெடுப்பதற்கு அவ்விலக்கு இடமளிக்கவில்லை. குறைபாடற்றவரை ‘குருடா’ என்பதற்கோ, அடையாளம் என்ற சாக்குகூட இல்லை. அங்கே எஞ்சுவது இழிவு மட்டுமே.

மற்றொரு வினா இதனினும் கடினமானது. சத்தியத்தை மறுத்தோரைச் செவிடர், ஊமையர், குருடர் என்று அல்குர்ஆனே குறிப்பிடுகிறதே? அதன் விளக்கமும் அல்குர்ஆனிலேயே உள்ளது. குருடாவது புறக்கண்கள் அல்ல, நெஞ்சிலுள்ள இதயங்களே என்று அல்ஹஜ் அத்தியாயம் தெளிவுறுத்துகிறது. கண்டனத்திற்குரியவர், கண்ணிருந்தும் காண மறுப்பவர், கண்ணில்லாதவர் அல்லர். நம் வசையோ இதைத் தலைகீழாக்கி, இல்லாமையையே குற்றமாக்குகிறது. ‘அபஸ’ அத்தியாயத்தில் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைக் குறிக்க ‘பார்வையற்றவர்’ என்ற சொல்லே வருகிறது. ஆனால் அங்கே அது அவர் இடைமறித்ததற்கான நியாயத்தை உணர்த்தி, அவர் பக்கம் நிற்கிறது. அவர் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களுள் ஒருவர். நபியவர்கள் மதீனாவை விட்டுச் சென்ற வேளைகளில் அந்நகரின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டதும் உண்டு.

ஆகவே சிக்கல் சொல்லில் மட்டும் இல்லை; அது யார் பக்கம் நிற்கிறது என்பதில் உள்ளது. ‘மாற்றுத்திறனாளி’ என்ற கண்ணியமான சொல்லையும் ஏளனமாக உச்சரிக்க இயலும். மிம்பரில் ‘குருட்டு நம்பிக்கை’, ‘ஊமைச் சமுதாயம்’ என்று முழங்கும் நம் ஆலிம்களும், அவற்றை அச்சிடும் நம் இதழ்களும், முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பார்வையற்ற தொழுகையாளியை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘ஆராயாத நம்பிக்கை’ என்றாலும் கருத்து விளங்கும், பொருளும் கூர்மையாகும்.

2025 ஏப்ரலில்தான், ஊராட்சிகள் உள்ளிட்ட உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டமுன்வடிவும் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. பாடாலூர் போன்ற ஊர்களின் ஊராட்சி மன்றங்களில் அவர்கள் அமர இது வழிசெய்கிறது. அந்த இருக்கையைச் சட்டம் தந்துவிடும். கூட்டம் முடிந்து அவ்வுறுப்பினர் பேருந்து நிறுத்தத்திற்கு வரும்போது அவர் காதில் விழும் சொல் எதுவாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள், அங்கே நிற்கும் நாம்தான்.