முகம் திருந்திற்று; அகம்?

பல் துருத்தி நிற்கிறது: அவனுக்கு அது வெட்கம்! மூக்குப் பெருத்து நிற்கிறது: அவளுக்கு அது வேதனை! இருவரும் கணவன் மனைவியர். ஒரே வீட்டில் வாழ்பவர். நாள்தோறும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பவர். எனினும் தன் வெட்கத்தை அவளிடம் அவன் சொன்னானில்லை. தன் வேதனையை அவனிடம் அவள் உரைத்தாளில்லை. ஒருவரறியாமல் ஒருவர் மருத்துவரை நாடினர். பல் திருத்தப்பட்டது, மூக்குச் செப்பனிடப்பட்டது. புதுமுகத்தோடு வெளியே வந்த இருவரும் எதிரெதிரே சந்தித்தனர். அடையாளம் தெரியவில்லை! யாரோ ஓர் அழகி என்று அவன் மயங்கினான். யாரோ ஓர் அழகன் என்று அவள் மகிழ்ந்தாள். கட்டிய கணவனே கள்ளக் காதலனானான். மணந்த மனைவியே மாற்றாள் ஆனாள்!

‘மைட்டி லைக் எ மூஸ்’ என்ற அமெரிக்கப் பேசாப்படத்தின் கதை இது. 1926-ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டே சுருள், அரைமணி நேரம்கூட ஓடாது. ஹால் ரோச் படநிலையத் தயாரிப்பு, இயக்கியவர் லியோ மெக்கேரி, திரு. மூஸாகச் சார்லி சேஸும், திருமதி மூஸாக விவியன் ஓக்லண்டும் நடித்தனர். காத்துப் போற்றத்தக்க படங்களுக்கென அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வைத்திருக்கும் தேசியப் பட்டியலில் 2007-இல் இதற்கும் இடம் கிடைத்தது. சிரித்துவிட்டு மறந்துபோகும் படமன்று என்பதற்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை; படமே சான்று.

சாப்ளினை அறியாதார் யார்? கீட்டனையும் லாயிடையும் கூடப் பலர் அறிவர். சார்லி சேஸை அறிந்தவர் சிலரே. சார்லஸ் பாரட் என்பது அவருடைய இயற்பெயர். அப்பெயரிலேயே பல படங்களை இயக்கியுமிருக்கிறார். 1940-இல், தம் 46-ஆம் வயதில் மறைந்தார். சாப்ளின் காட்டிய நாடோடிக்குப் பசி பகை. சேஸ் காட்டிய மனிதனுக்கோ பசியில்லை. நல்ல உடை இருக்கிறது, வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள். அவனை ஆட்டிப்படைப்பது ஒரே கேள்வி: “நாலுபேர் என்ன நினைப்பார்கள்?” வயிற்றுக்குக் கவலையற்ற நடுத்தர மனிதனை மானக்கவலை எப்படிக் கோமாளியாக்குகிறது என்பதைக் காட்டியதே சேஸின் தனித்திறன்.

அந்தக் கவலை தானாக முளைத்ததா? இல்லை, பாத்திகட்டி வளர்த்தனர்! 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போரில் குண்டடிபட்டு முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தில் ஹரால்ட் கில்லீஸ் போன்ற மருத்துவர்கள் தசையும் தோலும் ஒட்டிப் புதுமுகம் தந்தனர். மனித இனம் நன்றி கூறவேண்டிய அருங்கலை அது. போர் முடிந்தது, கலை கடைத்தெருவுக்கு வந்தது. 1921-இல் அட்லாண்டிக் சிட்டியில் அமெரிக்க அழகிப் போட்டி தொடங்கிற்று. 1923-இல் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகை ஃபானி பிரைஸ் தம் மூக்கைத் திருத்திக்கொண்டார். செய்தித்தாள்களுக்கு அது பெருவிருந்து! கிருமிகொல்லி மருந்தாகப் பிறந்த லிஸ்டரின் வாய்கழுவும் மருந்தாக உருமாறி, வாய் நாற்றத்துக்கு ‘ஹாலிட்டோசிஸ்’ என்ற வாயில் நுழையாப் பெயரைப் பரப்பி, ஊரையே அச்சுறுத்தி விற்பனையானதும் அந்த ஆண்டுகளில்தான். “உன் குறையை நீ அறியமாட்டாய், உன் நெருங்கிய நண்பனும் உன்னிடம் சொல்லமாட்டான்!” இதுவே அத்தகைய விளம்பரங்களின் உட்பொருள். முதலில் அச்சத்தை விற்றனர். பிறகு அதற்கு மருந்தை விற்றனர். அந்தச் சந்தையில் தனித்தனியே சிக்கிய இருவர்தாம் நம் மூஸ் இணையர்.

“நடக்கக்கூடியதா இது? பல்லும் மூக்கும் மாறினால் உயரம் மாறுமா? நடை மாறுமா? கண் மாறுமா? மனைவியைக் கணவன் அறியாதிருப்பானா?” என்று கேட்கலாம். பகுத்தறிவாளர் கேட்கத்தான் வேண்டும். கேட்டால், படத்தின் கூர்மை அந்த நடவாச் செயலில்தான் இருக்கிறது என்பது விளங்கும். அவனை மனிதனாக அவள் பார்த்திருந்தால் பல் போனபின்னும் மனிதன் எஞ்சியிருப்பான். அவளை அவளாக அவன் பார்த்திருந்தால் மூக்குக் குறைந்தபின்னும் அவள் எஞ்சியிருப்பாள். பல்தான் கணவன், மூக்குதான் மனைவி என்றே பழகிவிட்ட கண்ணுக்கு, பல்லும் மூக்கும் மறைந்ததும் ஆளே மறைந்துபோகிறான்! ஒரு மனிதனை அவனுடைய குறையாகவே காணும் சமுதாயம் அந்த மனிதனைக் காண்பதேயில்லை. இவ்வளவு பெரிய உண்மையை ஓர் உரையாடலும் இல்லாமல் சொல்லிவிட்டார் மெக்கேரி.

இருவரும் விருந்துக்குப் புறப்பட முடிவு செய்கின்றனர். உடைமாற்ற அவரவர் வீட்டுக்குச் செல்கின்றனர். அவரவர் வீடென்ன? இருவருக்கும் ஒரே வீடுதானே! அவன் ஓர் அறையில் நுழைய, அவள் மற்றோர் அறையிலிருந்து வெளியேற, கதவுகள் திறந்து மூட, நூலிழையில் ஒருவரையொருவர் தவறவிடுகின்றனர். கொட்டகை குலுங்கச் சிரிக்கும் இடம் இது. சிரிப்பு அடங்கியபின் எண்ணிப்பார்த்தால், இது அன்றைக்கு மட்டும் நடந்த விந்தையா என்ற ஐயம் எழும். ஒரே கூரையின்கீழ் ஒருவரையொருவர் காணாமலே வாழ்ந்த வாழ்வின் சுருக்கமன்றோ அது!

விருந்தில் காவலர் புகுகின்றனர். இருவரும் தப்பி வீடு சேர்கின்றனர். தன்னோடு ஆடியவள் தன் மனைவியே என்பது அவனுக்கு முதலில் விளங்கிவிடுகிறது. இங்கேதான் படம் விளையாட்டை விட்டு வினைக்கு வருகிறது. உண்மை தெரிந்ததும் அவன் நாணினானா? “நானும் அதே குற்றத்தைத்தானே செய்தேன்!” என்று தலைகுனிந்தானா? இல்லை! அவளுக்குப் பாடம் கற்பிக்கப் புறப்படுகிறான்! குற்றவாளியே நீதிபதியின் இருக்கையில் ஏறி அமர்கிறான்! ஒரே விருந்து, ஒரே ஆட்டம், ஒரே மறைவு. ஆனால் ஆணுக்கு அது பொழுதுபோக்கு, பெண்ணுக்கு அது பழி!

பழைய பல்லைப் பொருத்திக்கொண்டால் அவன் கணவன், கழற்றிவிட்டால் காதலன். இருவராக மாறி மாறித் தோன்றி, ஓர் அறையில் அடி கொடுத்து, மறு அறையில் அடி வாங்கி, கணவன் காதலனைப் புடைப்பதாக மனைவி நம்பும்படி ஒரு போரையே நடத்துகிறான். சேஸின் உடல்வன்மைக்கும் நொடிப்பொழுதில் மாறும் திறமைக்கும் இக்காட்சி உரைகல். இங்கே அடிக்கும் கைக்கும் அடிபடும் முகத்துக்கும் உடையவன் ஒருவனே! பெண்ணுக்கென்று தனிநீதி வகுத்து வீறாப்புப் பேசும் ஆண், உள்ளபடியே தன்னோடுதான் மோதிக்கொள்கிறான். எந்த மேடைப்பேச்சும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியதில்லை. கடைசியில் சூழ்ச்சி அம்பலமாகிறது. அவளும் உண்மையை அறிகிறாள். வெற்றிவிழா எடுக்க நினைத்தவன் அகப்பட்டுக்கொள்கிறான்.

குறையில்லாத படமென்று புகழவில்லை. அச்சமெல்லாம் அவளுக்கு, ஆர்ப்பாட்டமெல்லாம் அவனுக்கு என்று பங்கிட்டுவிட்டனர். சேஸின் படமாதலால் ஓக்லண்டுக்குத் திறமை காட்ட வாய்த்த இடம் குறைவு. அதைவிடப் பெருங்குறை ஒன்றுண்டு. துருத்திய பல்லையும் பெருத்த மூக்கையும் தொடக்கத்தில் நகைப்புக்குரியவையாகக் காட்டி நம்மையும் சிரிக்கவைத்துவிடுகிறது படம். அந்த மூக்கு எவருக்குத் தீங்கு செய்தது? அந்தப் பல் எவர் உரிமையைப் பறித்தது? அவற்றைத் திருத்தத்தான் வேண்டுமா என்ற கேள்வியைப் படம் கேட்கவேயில்லை. சந்தை வகுத்த அழகின் இலக்கணத்தை ஏற்றுக்கொண்டே, அதற்கு அடிமையானவர்களைக் கேலி செய்கிறது. பாதித்தூரம் வந்த துணிவு அது. மீதித்தூரத்தை நடக்கவேண்டியவர்கள் பார்ப்பவர்களாகிய நாம்.

மெக்கேரி பின்னாளில் ‘தி ஆஃபுல் ட்ரூத்’ என்ற 1937-ஆம் ஆண்டுப் படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்குரிய ஆஸ்கார் பரிசு பெற்றார். அதுவும் ஒருவரையொருவர் ஐயுற்றுப் பிரியும் கணவன் மனைவியின் கதைதான். பெரிய படத்தில் விளைந்ததற்கு இந்தச் சின்னப் படத்திலேயே விதை இருக்கிறது.

தோழர்களே! கண்ணாடிமுன் நின்று தம்மைத் தாமே வெறுக்கும் இளைஞர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு இப்படத்தைக் காட்டுங்கள். சிரிக்கட்டும்! சிரித்து முடித்ததும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “அந்த இருவரில் ஒருவர், ஒரே ஒருநாள், என் முகத்தைப்பற்றி எனக்கு அச்சமாக இருக்கிறது என்று மற்றவரிடம் வாய்திறந்து சொல்லியிருந்தால், மருத்துவருக்கு என்ன வேலை? மறைவுக்கு என்ன தேவை? மாயப்போருக்கு எங்கே இடம்?”