துவைக்கப்படாத மரியாதை

மருத்துவக் கல்லூரிகளில் வெள்ளை அங்கி அணிவிக்கும் விழா இப்போது பட்டமளிப்புக்கு நிகராகிவிட்டது. 1993-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சடங்கு இது. 2022-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் அந்த விழாவில், வழக்கமான உறுதிமொழிக்குப் பதிலாகப் பண்டைய ஆயுர்வேத மருத்துவர் சரகர் பெயரிலான உறுதிமொழியை மாணவர்கள் எடுத்ததற்காக டீன் மாற்றப்பட்டு, சில நாளில் திரும்ப அமர்த்தப்பட்டார். அவ்வளவு அமளியிலும், அந்த அங்கியை யார் துவைப்பது என்று ஒருவர் கேட்டதாக என் காதில் விழவில்லை.

அங்கிக்குப் பயன் இல்லாமல் இல்லை. நெரிசலான ஓ.பி.யில் டாக்டர் யார் என்று பாட்டிக்குத் தெரிகிறது. பையில் நிறையக் கருவிகள் கொள்கின்றன. சரி.

அது வெள்ளையானதற்கும் காரணம் உண்டு. அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் 1875-இல் வரைந்த அறுவை அரங்க ஓவியத்தில் மருத்துவர்கள் கறுப்புக் கோட்டில் நிற்கிறார்கள். 1889-இல் வரைந்ததில் வெள்ளையில். இடையில் கிருமிகளைப் பற்றிய அறிவு பரவிவிட்டது. அழுக்குத் தெரிந்தால் மாற்றுவார்கள் என்பது வெள்ளையின் நியாயம். நம் வார்டுகளில் அழுக்குத் தெரிகிறது, மாற்றத்தான் ஆளில்லை. அறுவை அரங்கின் உடுப்பு மருத்துவமனைச் சலவைக்குப் போகிறது. ஹவுஸ் சர்ஜனின் அங்கி விடுதி வாளிக்குப் போகிறது, அதுவும் இரவுப் பணி முடிந்து தூங்கி எழுந்த பிறகு தெம்பிருந்தால். நடுவில் அது கேன்டீன் நாற்காலியிலும் பைக்கிலும் தொங்குகிறது.

எல்லாவற்றிலும் மோசம் அதன் முழுக்கை. உள்ளங்கையில் கிருமிநாசினி தடவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குக் குனிகிறார் டாக்டர்; கை படுவதற்கு முன் கைநுனித் துணி புண்ணில் படுகிறது. மணிக்கட்டைக் கழுவ அந்தத் துணி விடுவதே இல்லை. இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2007-இல், மருத்துவப் பணியாளர்களுக்கு முழங்கைக்குக் கீழே துணியோ கடிகாரமோ கூடாது என்று அறிவித்தது. அங்கியிலிருந்து நோயாளிக்குத் தொற்று போனதற்கு உறுதியான சான்று இல்லையே என்கிறார்கள் அந்த விதியை எதிர்ப்பவர்கள். உண்மைதான். அங்கியின் கைநுனியிலும் பையிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி இருப்பது மட்டும் பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. சமையல்காரர் அழுக்குக் கையோடு பரிமாறினால் இப்படிச் சான்று கேட்டுக்கொண்டா சாப்பிடுவார்கள்? அவர்கள் சான்று கேட்பது நோயாளியின் நலனுக்காக அல்ல, அங்கி தரும் கெத்துக்காக. அதைக் கழற்றினால் மதிப்புப் போய்விடும் என்று அஞ்சுகிறவருக்கு, மதிப்பு இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

விழாவை நடத்துங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வார்டுக்குள் நுழையும் பிள்ளைகளுக்கு அரைக்கைப் பணியுடுப்பு கொடுத்து, அதை மருத்துவமனையிலேயே துவைத்தும் தாருங்கள்.