11 குரோனர் பாக்கி: ஒரு வாக்குச்சீட்டை வாசித்தல்

சுவீடனின் 1887 தேர்தலை வேடிக்கைக் கதையாகச் சொல்வது வழக்கம். யாரோ ஒருத்தர் வரி பாக்கி வைத்தாராம், ஆட்சியே போச்சாம். 'விபத்து' என்கிற இந்தச் சொல்லாடல் எதை மறைக்கிறது என்பதே நமது கேள்வி.

1880களில் ரயிலும் நீராவிக் கப்பலும் அமெரிக்க, ருஷ்ய தானியத்தை ஐரோப்பாவில் மலிவாகக் கொண்டுவந்து கொட்டின. இறக்குமதிக்கு வரி போடு என்றனர் தானியம் விற்கும் நிலக்காரர்கள். போட்டால் ரொட்டி விலை ஏறும் என்றது எதிரணி. பிரதமர் தெம்ப்டாந்தர் வரிக்கு எதிர். 1887 மார்ச்சில் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் இரண்டாம் அவையைக் கலைத்தார். வசந்தகாலத் தேர்தலில் வரி எதிர்ப்பாளர்கள் ஜெயித்தார்கள். இலையுதிர்காலத்தில் வந்த வழக்கமான தேர்தலிலும் அவர்களே. ஸ்டாக்ஹோமின் 22 இடங்களும் அவர்களுக்கே விழுந்தன.

அப்புறம்தான் கணக்கு நோட்டைத் திறந்தார்கள். 22 பேரில் ஒருவரான ஓலோஃப் லார்சனுக்கு 11 குரோனர் 58 காசு பழைய வரி பாக்கி. பாக்கிக்காரருக்கு வாக்கில்லை, வாக்கில்லாதவர் உறுப்பினராகவும் முடியாது. சரி, அவரை மட்டும் நீக்கினார்களா? இல்லை. அவர் பெயர் இருந்த சீட்டுகளே செல்லாது என்றாயிற்று. தோற்ற 22 பேர் உள்ளே வந்தனர், பெரும்பான்மை புரண்டது. 1888 பிப்ரவரியில் தெம்ப்டாந்தர் விலகினார். அந்த ஆண்டே தானிய வரி வந்தது.

வாக்குச்சீட்டை ஒரு பிரதியாக வாசிப்போம். ஒரு பெயரின் 'தீட்டு' மற்ற 21 பெயர்களிலும் ஒட்டிக்கொள்கிறது. கடன்பட்டவன் குடிமகன் அல்ல என்று சொல்வது எந்த இலக்கணம்? நான்கு வகுப்பாரின் பழைய சபையை ஒழித்த 1866 சீர்திருத்தம், குறிப்பிட்ட சொத்தோ ஆண்டுக்கு 800 வருமானமோ உள்ள ஆண்களுக்கு மட்டுமே வாக்கைத் தந்தது. பெண்கள் எல்லோரும், கூலிக்காரர்களில் மிகப் பெரும்பாலோரும் வெளியே. உடைமையே குடிமை. லார்சன் விஷயத்தில் சட்டம் தடுக்கி விழவில்லை, தன் இலக்கணப்படிதான் பேசியது.

வரி எதிர்ப்பாளர்களைத் தியாகிகளாக்கவும் வேண்டியதில்லை. ரொட்டியின் பேரால் வாக்குக் கேட்ட அவர்களும் அதே வாக்காளர் பட்டியலில்தான் ஜெயித்தார்கள். அந்த ரொட்டியைத் தின்றவர்களில் பெரும்பாலோர் பெயர் அதில் கிடையாது. தேர்தல் ஒழுங்காகவே முடிந்திருந்தாலும் அவர்களது ரொட்டி விலையை வேறு யாரோதான் தீர்மானித்திருப்பார்கள்.

1909இல் ஆண்களின் வாக்குரிமை விரிந்தபோதுகூட வரி பாக்கிக்காரர் வெளியேதான் நின்றார். 22 ஆண்டு கழிந்தும் தொடர்கிற ஒன்றை விபத்து என்று எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டு நகர்கிற வரலாறு, வாசலில் காவல் நின்றவனைப் பார்க்காமலே போகிறது.