ஐம்பத்தோராவது படி: பின்னலாடை அச்சோவியமும் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவும்

ஆய்வுச் சுருக்கம்

வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்று பதிவு செய்யப்படாமல், தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் படியெடுக்கப்பட்டால் அதன் பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 15(2). இவ்விதி படிகளை எண்ணுகிறதேயன்றிப் படைப்பாளரைக் கருதவில்லை என்பதை ஊத்துக்குளி, திருப்பூர் வட்டாரப் பின்னலாடைத் தொழிலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: பதிப்புரிமை, வடிவமைப்புச் சட்டம், பின்னலாடை, அச்சோவியம், படைப்பாளர்.

முன்னுரை

தமிழில் பதிப்புரிமை குறித்த விவாதம் பெரும்பாலும் நூலையும் பாட்டையும் சுற்றியே நிகழ்ந்துள்ளது. பாரதியின் எழுத்துரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது முதல், நூல்களின் நாட்டுடைமையாக்கம், தம் திரைப்பாடல்களின் உரிமைக்காக இளையராஜா நடத்திவரும் வழக்குகள் வரை இப்போக்கைக் காணலாம். ஆனால் ஆயிரக்கணக்கில் படியெடுக்கப்படும் ஓவியங்கள் பனியன் துணியின் மீதும் உள்ளன. வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊத்துக்குளி இன்று திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தின் ஒரு பகுதியாகும். இவ்வட்டாரத்தில் பின்னல், சாயம், அச்சு, தையல் ஆகியன பெரும்பாலும் தனித்தனிக் கூடங்களில் 'ஜாப் ஒர்க்' முறையில் நிகழ்கின்றன. இச்சங்கிலியில் ஓவியத்தை வரைபவரின் நிலை யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

சொல்லும் பொருளும்

'காப்புரிமை' என்னும் சொல் நாளேடுகளில் சில இடங்களில் நூலுரிமையையும், வேறு சில இடங்களில் கண்டுபிடிப்புக்கான பேட்டன்டையும் குறிக்கிறது. 'பதிப்புரிமை' என்பதோ நூற்பதிப்போடு இறுகிவிட்டது. 'பதி' என்னும் வினை முத்திரை பதித்தலையும் துணியில் அச்சுப் பதித்தலையும் தழுவக்கூடியது. ஆயினும் அப்பொருள்விரிவு உரிமை பற்றிய பேச்சில் இடம்பெறவில்லை. தொழிற்கூட வழக்கில் ஓவியமும் ஆடையின் வெட்டும் ஒருசேர 'டிசைன்' எனப்படுகின்றன. சட்டத்தில் ஓவியம் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், பொருளின் மீது ஏற்றப்படும் வடிவமைப்பு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழும் வரும். முன்னதற்குப் படைப்பாளரின் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் காப்பு உண்டு. பின்னதற்குப் பதிவு செய்தால் 10 ஆண்டுகள், நீட்டித்தால் 15 ஆண்டுகள்.

ஐம்பது என்னும் எல்லை

வெளிவந்த வடிவமைப்பு புதியதாகக் கருதப்படாது. ஆகவே ஆடை சந்தைக்கு வருமுன்பே பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பருவந்தோறும் பல அச்சுகளை மாற்றும் தொழிலில் ஒவ்வொன்றையும் பதிவு செய்வது அரிது. பதிவின்றி ஆடை வெளிவந்தால் வடிவமைப்புக் காப்புக்கு வழியில்லை. ஐம்பத்தோராவது படி அச்சாகும்போது பதிப்புரிமையும் நீங்குகிறது. சிறு ஆர்டருக்கே நூற்றுக்கணக்கான உருப்படிகள் வேண்டப்படும் தொழிலில், இவ்வெல்லை முதல்நாள் உற்பத்தியிலேயே கடக்கப்பட்டுவிடும்.

நீதிமன்றத் தீர்ப்புகள் இம்முரணைத் தெளிவாகக் காட்டுகின்றன. ராஜேஷ் மஸ்ரானி எதிர் தஹிலியானி டிசைன் வழக்கில் (2008), படிகள் ஐம்பதைத் தாண்டாத உயர்விலை ஆடைகளின் ஓவியங்களுக்கு டெல்லி உயர்நீதிமன்றம் பதிப்புரிமைக் காப்பளித்தது. மைக்ரோஃபைபர்ஸ் எதிர் கிர்தர் வழக்கில் (2009), இருக்கைத் துணிகளுக்கான உருவரைகளுக்கு அக்காப்பை அந்நீதிமன்றமே மறுத்தது. ரித்திகா எதிர் பீபா வழக்கிலும் (2016) ஐம்பது என்னும் எல்லையே முடிவைத் தீர்மானித்தது. சிலர் மட்டுமே வாங்கக்கூடிய ஆடையின் ஓவியம் வாழ்நாள் கடந்தும் காக்கப்பட, பலர் உடுத்தும் ஆடையின் ஓவியம் காப்பிழப்பதே இதன் விளைவு. கிரையோகாஸ் எதிர் ஐநாக்ஸ் வழக்கில் (2025) உச்சநீதிமன்றம் கலைப்படைப்பையும் வடிவமைப்பையும் பிரித்தறிய இருநிலைச் சோதனை ஒன்றை வகுத்தது. அது எரிவாயு ஊர்தி வரைபடங்கள் பற்றிய வழக்கு. அச்சோதனை எல்லைக்கோட்டைத் தெளிவாக்கலாம். கோட்டுக்கு அப்பால் நிற்கும் ஓவியருக்கு எதையும் தருவதில்லை.

ஐம்பது என்னும் எண் பிரித்தானியச் சட்டமரபில் வேர்கொண்டது. அங்கு, ஐம்பதுக்கு மேல் படியான கலைப்படைப்பின் காப்பை 25 ஆண்டுகளாகச் சுருக்கிய 52ஆம் பிரிவு 2016 ஜூலையில் நீக்கப்பட்டது. அவ்வெண் இந்தியச் சட்டத்தில் நீடிக்கிறது.

யார் படைப்பாளர்?

ஊதியத்திற்குப் பணிபுரிபவர் வரைந்ததன் முதல் உரிமையாளர், மாற்று ஒப்பந்தம் இல்லையெனில், வேலை தருபவரே என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. வடிவமைப்புச் சட்டத்தின் 2(ஜே) பிரிவோ, கைம்மாறு பெற்றுப் பிறருக்காக வரைந்த ஒருவரின் இடத்தில், யாருக்காக வரையப்பட்டதோ அவரையே உரிமையாளராக வைக்கிறது. ஆகவே பதிவு செய்தாலும் பயன் வரைந்தவரைச் சேர்வதில்லை. எஞ்சியிருப்பது பெயர். உரிமையை விற்ற பின்னும் தம் படைப்புக்குத் தாமே ஆசிரியர் எனக் கோரும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு வழங்குகிறது. பதிப்புரிமையே அற்றுப்போன பின் அவ்வுரிமை நிலைக்குமா என்பது வாதத்திற்குரியது. வடிவமைப்புச் சட்டத்தில் அதற்கு நிகரான பிரிவு இல்லை.

மறுதரப்பு வாதம்

படியெடுத்தலே ஆடைத்துறையின் புத்தாக்கத்தை விரைவுபடுத்துகிறது என்று கால் ரௌஸ்டியாலா, கிறிஸ்டோபர் ஸ்பிரிக்மன் ஆகியோர் 2006இல் வாதிட்டனர். இவ்வாதம் திருப்பூருக்கு ஒருவகையில் பொருந்தும். அச்சோவியம் ஒவ்வொன்றுக்கும் ஆயுளும் 60 ஆண்டுகளும் காப்பு என்றானால், வழக்கு நடத்தும் வலிமையுள்ள பெருநிறுவனங்களே முதலில் பயனடையும். சிறு அச்சுக்கூடங்கள் அஞ்சி வாழ நேரிடும். ஆனால் நகலெடுத்தலால் வரும் வேகத்தின் ஆதாயம் விற்பவருக்குக் கிடைக்கிறது. வரைந்தவருக்குக் கிடைக்கிறதா என்னும் வினாவை இவ்வாதம் எழுப்புவதில்லை. துறையின் புத்தாக்கமும் படைப்பாளரின் நலனும் ஒன்றெனக் கொள்வதே இதன் குறைபாடு.

ஐரோப்பிய ஒன்றியம் 2002 முதல் ஓர் இடைவழியைக் கடைப்பிடிக்கிறது. அங்கு பதிவு செய்யப்படாத வடிவமைப்புக்கும் வெளிவந்த நாளிலிருந்து மூன்றாண்டுக் காப்பு உண்டு. நகலெடுத்தலுக்கு எதிராக மட்டுமே அது செல்லும். தற்செயலாக ஒத்த வடிவமைப்பை உருவாக்கியவரை அது தடுப்பதில்லை.

முடிவுரை

எத்தனை படிகள் என்னும் வினாவைக் கொண்டு கலையையும் தொழிலையும் பிரிப்பது, பெருமளவு உற்பத்தியால் வாழும் ஒரு வட்டாரத்தின் ஓவியரைக் கலைஞர் அல்லர் என முன்கூட்டியே தீர்ப்பதாகும். பதிப்புரிமையை நீட்டிப்பது இதற்குத் தீர்வாகாது. பதிவு வேண்டாத, நகலெடுத்தலை மட்டும் தடுக்கும், சில ஆண்டுகளே நிலைக்கும் உரிமை ஒன்று வேண்டும். அதன் முதல் உரிமையாளர், எழுத்துவழி ஒப்பந்தம் வேறுவகையில் கூறாதவரை, வரைந்தவராக இருத்தல் வேண்டும். உரிமை கைமாறினும் அவர் பெயர் ஆவணத்தில் நிற்றல் வேண்டும். பாரதியின் பாடலுக்கு உரியவர் யார் என்று வாதிட்ட தமிழ்ச் சூழல், பனியன் துணியில் உள்ள ஓவியத்தை வரைந்தவர் யார் என்று கேட்பதும் பதிப்புரிமை ஆய்வின் பகுதியே.