அரைவாழ்வுக் காலமும் நட்டஈட்டுச் சட்டமும்: ஒரு திறனாய்வு

தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தோருட் பலருக்குத் தொண்டைமானாறு என்றதும் நினைவில் எழுவது செல்வச்சந்நிதி முருகன் கோயில் மட்டுமன்று. அங்குள்ள வெளிக்கள நிலையத்தின் மாதிரி வினாத்தாள்களுமாம். அவற்றிற் பயின்ற மாணவன் கதிர்த்தொழிற்பாடு பற்றிய கணக்கொன்றைக் கண்டு மலைப்பதில்லை. கோபாற்று 60இன் அரைவாழ்வுக் காலம் 5.27 ஆண்டு எனத் தரப்படின், நாற்பது ஆண்டின் பின் எஞ்சுவது தொடக்க அளவின் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கே என விரைவிற் கணித்துவிடுவான். விடை சரியானதே. ஆயினும் அவ்விருநூறில் ஒரு பங்கும் ஓர் உயிரைப் பறிக்கவல்லது என்பது கணக்கிற்குப் புறத்தே நிற்கின்றது. கதிர்முதல் உண்டு, காலம் உண்டு. அதனைக் கையாளும் தொழிலாளி இல்லை. வினாத்தாளில் அவன் இல்லாமை பெருங்குறையன்று. அவனுக்கென்றே இயற்றப்பட்ட சட்டங்களிலும் அவன் மறைந்துபோவதே ஆராயற்பாலது.

மேற்காட்டிய நாற்பது ஆண்டு கற்பனையன்று. தில்லிப் பல்கலைக்கழக இரசாயனவியற்றுறை 1970ஆம் ஆண்டளவிற் கனடாவிலிருந்து கோபாற்று 60 அடங்கிய காமாக் கதிர்வீச்சுக் கருவியொன்றைப் பெற்றது. 1985இன் பின் அது பயன்படுத்தப்படவில்லை. 2010 பெப்புருவரியில் வேண்டாப் பொருள்களோடு பொருளாக அது ஏலத்தில் விடப்பட்டு, மாயாபுரியிலுள்ள பழைய இரும்புக் கடைகளைச் சென்றடைந்தது. அங்கு ஈயக் கவசம் கழற்றப்பட்டது. உள்ளிருந்தது இன்னதென எவரும் அறிந்திலர். தோல் கருகியும் முடி உதிர்ந்தும் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். ஏப்பிரல் 26ஆம் திகதி தொழிலாளர் ஒருவர் இறந்தார். கதிர்முதலை அகற்றுதற்குரிய விதிகள் நாட்டில் இல்லாமலில்லை. அவை மீறப்பட்டன என்றே அணுசக்தி ஒழுங்குபடுத்து வாரியம் கண்டது. அரைவாழ்வைக் கற்பிக்கும் நிறுவனமே அக்கணக்கை மறந்தது என்பது பல்கலைக்கழகத்தார் எளிதிற் கடந்து செல்லக்கூடிய செய்தியன்று.

இந்தியாவின் 1923ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம், பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடக்கப்பட்டது. பழைய சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அயனாக்கும் கதிர்வீச்சால் விளையும் நோய்களைத் தொழில்நோய்களாக ஏற்றிருந்தது. பாராட்டத்தக்கதே. ஆனால் அவ்வேற்பின் பயனைப் பெறத் தொழிலாளி அக்கதிர்வீச்சுக்கு உட்படும் வேலையில் ஆறு மாதமேனும் தொடர்ந்து பணியாற்றியிருத்தல் வேண்டும். வேலையை விட்டவனாயின், விட்ட இரண்டு ஆண்டுக்குள் நோய்க்குறி தோன்றுதல் வேண்டும். பழைய இரும்பை உடைப்பவன் கதிர்வீச்சுத் தொழிலாளியாகவே எண்ணப்படான். நோய் என்னும் வாயில் அவனுக்கு அடைபட, விபத்து என்னும் வாயிலே எஞ்சுகின்றது. மற்றவனுக்கோ இரண்டு ஆண்டு என்னும் வரம்பே தடையாகின்றது. குருதிப் புற்றுநோயேனும் சில ஆண்டுகளில் வெளிப்படலாம். திண்மப் புற்றுநோய்கள் தோன்றப் பெரும்பாலும் பத்தாண்டும் அதற்கு மேலும் செல்லும். கையை நசுக்கிய பொறிக்கும் கலத்தினுட் புகுந்த கதிருக்கும் ஒரே கடிகாரத்தை வைத்த சட்டம் இது.

இவ்விரண்டு ஆண்டு இந்தியாவின் தனிக் கண்டுபிடிப்புமன்று. கடிகார முகங்களுக்கு இரேடியம் பூசிய நியூ யேர்சிப் பெண்கள் வழக்குத் தொடுத்தபோதும் இரண்டு ஆண்டு வரம்பே அவர்களுக்கெதிராக நீட்டப்பட்டது. தாடையெலும்பு சிதைந்த நிலையில், 1928இல் நீதிமன்றுக்குப் புறத்தே அவர்கள் உடன்பாடு கண்டனர்.

பாதுகாப்பு நெறிகளோ வேறொரு காலத்தைக் கூறுகின்றன. தொழிலாளியின் கதிரளவுப் பதிவேடுகள் அவர் 75 வயதை எய்தும்வரையும், வேலை நீங்கிய பின் 30 ஆண்டுக்குக் குறையாமலும் பேணப்படவேண்டும் என்பது சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் அடிப்படை நியமம். தீங்கு முப்பது ஆண்டின் பின்னும் தலைகாட்டக்கூடும் என்பதை விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டமைக்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை. ஒரே உடலைப் பற்றி ஓர் ஏடு முப்பது ஆண்டென்கிறது. மற்றோர் ஏடு இரண்டு ஆண்டென்கிறது.

பதிவேடு இருப்பினும் அதனை எழுதுபவர் யாவர் என்ற வினா எழும். 2003 சனவரி 21ஆம் திகதி கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலையில், வால்வொன்று பழுதுற்றதால் உயர்நிலைக் கழிவு புகுந்திருந்த தாங்கியிலிருந்து தொழிலாளர் மாதிரி எடுத்தனர். எச்சரிக்கும் கருவி அவ்விடத்தில் இருக்கவில்லை. அறுவர் பெற்ற அளவு 280 முதல் 420 மில்லி சீவேட் வரை. ஓராண்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சமோ 30. பெற்ற பின்னரே அவர்கள் அளவை அறிந்தனர். பொதுமக்கள் அறியப் பல மாதம் சென்றது. அளவிடும் பொறுப்பும் அளவை வெளியிடும் பொறுப்பும் வேலைகொள்வோரிடமே குவிந்திருக்க, நிரூபிக்கும் சுமை மட்டும் தொழிலாளியின் தோளில் ஏறுவது நீதியின்பாற்படுமா?

இதற்கு மாற்று இல்லை என்பார் பிரித்தானியாவை நோக்கலாம். 1982இல் அங்கு அணு எரிபொருள் நிறுவனமும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டு அமைத்த நட்டஈட்டுத் திட்டம், நோய்க்குக் கதிர்வீச்சே காரணமென்று முற்றாக நிறுவுமாறு கேட்பதில்லை. காரணமாயிருந்திருக்கக்கூடிய நிகழ்தகவு 20 வீதத்தை எட்டினும் ஒரு பகுதி நட்டஈடு உண்டு. 50 வீதத்தில் முழுத்தொகையும் உண்டு. அத்திட்டமும் பேணப்பட்ட பதிவேட்டையே சார்ந்திருக்கின்றது. மாயாபுரித் தொழிலாளியை அது காணாது. எனினும் ஐயத்தின் பயனை நோயுற்றவனுக்குப் பகிர்ந்தளிக்கும் அதன் முறை, ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே விடையறிந்த சட்டத்தினும் மேம்பட்டது.

இலங்கை, கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பற்றிய 1960ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் உடன்படிக்கையை 1986இல் ஏற்றது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திச் சபையையும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வெவ்வேறாக்கியது. வளர்ப்போரும் கண்காணிப்போரும் ஒருவராயிராமை நன்றே. நட்டஈடு மட்டும் 1934ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் வழியே தேடப்படுகின்றது. தெல்லிப்பழையிற் புற்றுநோயாளர்க்குக் கதிர்ச்சிகிச்சை அளிக்கும் ஊழியர் நெஞ்சில் அணியும் கதிரளவு வில்லை பேரவையின் உலகுக்கு உரியது. அவர் பின்னொருநாள் நோயுற்றால் ஏறவேண்டிய படியோ தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருடையது. முதலாவதன் பதிவேடு இரண்டாவதன் மேசைக்குத் தானாகவே சென்றடையுமாறும், அதிற் குறித்த அளவை மறுக்கும் சுமை வேலைகொள்வோரைச் சாருமாறும் ஒரு பிரிவு சேர்த்தல் இயலாததன்று. பல்கலைக்கழக ஆய்வுகூடங்களின் அலுமாரிகளில் உறங்கும் கதிர்முதல்களும் அப்பதிவேட்டில் ஏறவேண்டியனவே.